ஐந்தாம் நாள் செத்த இறால் குஞ்சுகள்

புதன்கிழமை, காலை 6.10.

இறந்தவர்களின் தொகை ஆயிரத்து நூற்று நாற்பது. ஓவசியர் இராசதுரை ஒரு சதுர அங்குலத்தில் கிடந்ததை எண்ணி, அதைக் கண்ணாடித் தொட்டியின் அடிப்பரப்பால் பெருக்கிக் கண்ட தொகை அது. முப்பத்தொரு வருடம் அரசாங்கத்துக்கு மதகும் றோட்டும் அளந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். துக்க வீட்டிலும் அளக்கிற அடிமட்டத்தைக் கீழே வைக்க மாட்டார்.

அமிர்தகழியில் அவருடைய வீட்டு முன்னறையில்தான் அந்தத் தொட்டி இருந்தது. மூன்றடி நீளம். காத்தான்குடிக் கண்ணாடிக்காரர் ஆதம்பாவா, உடைந்துபோன புடவைக்கடை அலுமாரியொன்றின் கண்ணாடிகளை வெட்டி ஒட்டிக் கொடுத்தது. இது நடந்தது 1993ஆம் ஆண்டு ஆவணி மாதம். ஊரை விட்டுக் கரண்ட் போய் மூன்று வருடம். காற்று ஊதும் மெசினுக்கு வழியில்லை. ஓவசியர் அசரவில்லை. லொறி டியூப் ஒன்றைச் சைக்கிள் பம்பால் ஊதினார். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிற குழாயை அதில் பொருத்தினார். குழாயிலுள்ள சின்னச் சக்கரத்தைத் திருகி, வினாடிக்கு இரண்டு குமிழி வீதம் தொட்டிக்குள் விட்டார். ஒருதரம் ஊதினால் ஆறு மணித்தியாலம் தாங்கும். அந்தக் காலத்தில் ஊரில் தடையில்லாமல் ஓடிய ஒரே இயந்திரம் அதுதான் என்று சொல்வார்கள்.

செத்துக் கிடந்தவை ஆற்றிறால் குஞ்சுகள். ஒரு சிட்டிகைச் சாம்பலுக்குக் கண் வைத்தது போலிருக்கும். உயிரோடு இருந்த நாலு நாளும் அவை தலைகீழாக, வாலை முன்னுக்கு விட்டு நீந்தித் திரிந்தன. ஐந்தாம் நாள் விடியும்போது எல்லாம் அடியில். கடிபட்ட காயமில்லை. தின்ற தடயமுமில்லை.

இது நாலாவது கூட்டுச் சாவு. முதல் மூன்றும் இதே மாதிரித்தான்.

ஓவசியருக்கு இது பொழுதுபோக்கு மட்டுமல்ல. வாவியில் வலை வீச இராணுவம் நேரம் குறித்திருந்தது. அந்த நேரம் மீன்களுக்கு அறிவிக்கப்படவில்லை. வலைகாரர் வீடுகளில் அடுப்பு அணைந்து கிடந்தது. ஆயிரம் இறால் குஞ்சு வளர்த்து ஊர்க் குளத்தில் விடுகிறேன், குளத்துக்குப் போக இராணுவத்தின் பாஸ் தேவையில்லை என்று ஓவசியர் வாசகசாலையில் எழுந்து நின்று சொல்லியிருந்தார். சொல்லி ஆறு மாதம்.

காலை 6.30க்கு வினாயகமூர்த்தி வந்தார்.

வினாயகமூர்த்திக்கு வயது அறுபத்தெட்டு. தொழில் கிணறு வெட்டுவது. அவருடைய நாக்கு மாவட்டம் முழுக்கப் பிரசித்தம். ஒரு கலியாண வீட்டில் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, பொம்பிளை வீட்டுக் கிணற்றுக்குள் ஆமை ஒன்று செத்துக் கிடக்கிறது என்றார். கலியாணம் நிற்கவில்லை. ஆமையை எடுத்தார்கள். இயக்கப் பொடியள் கூப்பிட்டுப் பதுங்கப் பங்கர் வெட்டச் சொன்னபோது எட்டடியில் ஊற்றுப் பீறிட்டது. குளிக்கக்கூடிய பங்கர் இலங்கையிலேயே அது ஒன்றுதான். இராணுவ முகாமில் மண்ணை நக்கிப் பார்த்துப் பதினாலடி என்றார். பதினாலடியில் தண்ணீர் கண்டதும் அதிகாரி சலூட் அடித்தார். கிணற்றுக்கா, மூர்த்திக்கா என்பது இன்றுவரை தீரவில்லை.

ஓவசியர் வளவின் முன்முற்றத்துக் கிணறு அவர் வெட்டியது. பதினாறடி. இளநீர் தோற்கும். ஊரில் யாருக்கு விருந்தாளி வந்தாலும் அந்தக் கிணற்றில்தான் ஒரு குடம் அள்ளிக்கொண்டு போவார்கள். தன் கிணற்றில் ஒரு செம்பு குடிக்காமல் மூர்த்திக்கு விடியாது. வளவின் பின்புறத்தில், வாவிக் கரையோரமாக, அவரே வெட்டிய இன்னொரு கிணறும் உண்டு. அதுவும் இனிக்கும் என்று எழுபத்தோராம் ஆண்டு ஊர் கூட்டிச் சத்தியம் பண்ணி வெட்டினார். உவர் வந்தது. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக மூர்த்தி அந்த வீட்டின் குசினிக்கு அங்கால் காலடி வைத்ததில்லை.

செம்பை வாயில் வைத்தபோதே உள்ளே ஓவசியரின் குரல் கேட்டது. போய்ப் பார்த்தார். தொட்டியின் முன்னால் ஓவசியர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு நின்றார். கதவோரம் இரத்தினம்மா நின்றாள்.

இரத்தினம்மா வெல்லாவெளிப் பக்கத்தவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஷெல் விழுந்து ஊர் கலைந்தபோது புருசனுமில்லாமல் பிள்ளையுமில்லாமல் ஒரு மூட்டையோடு வந்தவள். ஓவசியரின் மனைவி கண் மூடுமுன் அவளுக்குப் பின்னறையைக் கொடுத்திருந்தாள். சமையல், கூட்டல், துவைத்தல் எல்லாம் அவள்தான்.

ஓவசியர் தீர்ப்பை எழுதி முடித்திருந்தார். முன்னறை பூட்டியிருந்தது, திறப்பு அவர் இடுப்பில். வெளியாள் வர வழியில்லை, கூட்ட அவளுக்கு மட்டும் திறந்து விடுவார். வீட்டில் இருப்பது இரண்டு பேர். குஞ்சுகளுக்குக் கொடுக்க அவர் தினம் ஒரு முட்டை அவித்துத் துணியில் பிழிகிறார். மஞ்சட்கருவில் பாதி களவு போகிறது. விடிய எழும்பி இரத்தினம்மா எதையோ மூடிக்கொண்டு பின்புறம் போகிறாள். கேட்டால் வாய் திறக்கிறாளில்லை. நிவாரணச் சாமான் ஏற்றுகிற டிரக்டர் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இந்த வழியால் பள்ளிக்கூட அகதி முகாமுக்குப் போகும். அதில் அவளும் போகட்டும்.

பள்ளிக்கூட முகாமில் ஒரு வகுப்பறைக்குப் பதினொரு குடும்பம். தனியாக வந்த பெண்ணுக்கு விறாந்தை. அது ஓவசியருக்கும் தெரியும், இரத்தினம்மாவுக்கும் தெரியும். அவள் மூட்டையைக் கட்டி முடித்திருந்தாள்.

"வெள்ளி பத்து மணிதானே," என்றார் மூர்த்தி. "அதுக்கிடையில நான் ஒருக்காப் பாக்கிறன்."

"என்னத்தைப் பாக்கப் போறாய் மூர்த்தி?"

"ஆர் கொன்றதெண்டு."

ஓவசியர் சிரிக்கவில்லை. நேரத்தை மட்டும் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

மூர்த்தி முதலில் தொட்டித் தண்ணீரில் விரலை விட்டு நக்கினார். கண்ணை மூடி நின்றார். மண்ணெண்ணெய் இல்லை. சவர்க்காரம் இல்லை. நுளம்பு மருந்து இல்லை. அவருடைய முன்கிணறு மட்டும், சுத்தமாக, இனிப்பாக, நாக்கில் நின்றது. பக்கத்தில் தகரத் தொட்டி ஒன்றில் தாய் இறால் இருந்தது. நாலு நாளுக்கு முன் குஞ்சு பொரித்த கையோடு, பிள்ளைகளைத் தின்றுவிடும் என்று ஓவசியர் பிடித்து வேறாக்கிய தாய். அதே கிணற்றுத் தண்ணீர். அதே டியூப் காற்று. அது தேங்காய்ப்பூவைக் காலால் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. உடம்பில் ஒரு குறையுமில்லை.

நஞ்சு என்றால் தாய்க்கு மட்டும் விலக்குக் கொடுக்கிற நஞ்சு. அப்படி ஒன்றை மூர்த்தி நக்கியதில்லை.

அடுத்தது கொப்பி. ஓவசியர் எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதியிருந்தார். பொரித்த இரண்டாம் நாள் தொட்டியில் இரண்டு வாளி பழைய தண்ணீர் எடுத்து, முன்கிணற்றுத் தண்ணீர் இரண்டு வாளி விட்டது. பழைய தண்ணீரை இரத்தினம்மாவிடம் கொடுத்து வாழைக்கு ஊற்றச் சொன்னது. நாலு தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை நுளம்பு மருந்து அடிக்கிறவர்கள் வந்தது; மற்றத் தடவைகளில் வரவில்லை. இரண்டாம் தடவைக் குஞ்சுகள் செத்த நாளில் மூர்த்தியின் விரல் நின்றது.

"அண்டைக்குச் சுத்திவளைப்பெல்லோ?"

ஓம், சுற்றிவளைப்பு. விடிய நாலரைக்கு ஊரையே எழுப்பிக் கோயில் வெளியில் இருத்தினார்கள். பின்னேரம் நாலு மணிக்குத்தான் விட்டார்கள். இரத்தினம்மா பெண்கள் வரிசையில் மூன்றாவது ஆள், ஓவசியரே பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது குஞ்சுகள் உயிரோடு இருந்தன. வரும்போது இல்லை. இடையில் வீட்டைச் சோதித்த சிப்பாய் ஒருவன் தொட்டியைப் பார்த்து "இஸ்ஸோ, இஸ்ஸோ" என்று இறாலைச் சிங்களத்தில் சொல்லிச் சிரித்ததாக ஓவசியர் எழுதியிருந்தார். அவரையும் கதவு திறக்கக் கூட்டிப்போனதால் தெரியும். சிப்பாய் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தானே தவிர ஒன்றும் போடவில்லை. ஊரில் இறால் இருக்கிறவன் போல.

அப்படியென்றால் இரத்தினம்மா எப்படிக் கொன்றாள் என்று மூர்த்தி கேட்டார். முதல் நாளே எதையாவது போட்டிருப்பாள், மெல்லக் கொல்லுகிற சாமான் என்றார் ஓவசியர். தீர்ப்பு எழுதியவருக்கு எழுத்தை அழிக்க மனம் வராது.

புதன், மாலை 5.00. குசினி வாசலில் மூர்த்தி.

"குஞ்சுக்கு ஏதும் போட்டியா புள்ள?"

"இல்லண்ணன்."

"மஞ்சக்கரு குறையுதாம்."

"ஓம், குறையும்."

"ஆரு எடுத்த?"

"நான்தான்."

"திண்டியா?"

"இல்ல."

"மறுகா என்ன செய்த?"

அவள் அடுப்பை ஊதத் தொடங்கினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

பின்புறம் என்ன கொண்டுபோகிறாய் என்று கேட்க மூர்த்திக்கு வாய் வரை வந்தது. பின்புறம் என்ற சொல்லே அவருக்கு உவர்த்தது. கேட்காமல் எழும்பிப் போய்விட்டார்.

வியாழன், காலை 9.20.

ஆதம்பாவா சைக்கிளில் வந்தார். பின்னால் கூடையில் வைக்கோல் சுற்றிய லாம்புச் சிமினிகள். கரண்ட் இல்லாத ஊரில் அவருக்குக் குறையில்லை. ஆனால் வழியில் உள்ள ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் சிமினிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊடாகப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். உலகத்திலேயே அதிகம் பேர் கண் வைத்துப் பார்த்த சிமினிகள் தன்னுடையவைதான் என்று அவர் சொல்வதுண்டு. தொண்ணூறில் தமிழரும் முஸ்லிம்களும் பகைத்துக்கொண்ட பிறகு காத்தான்குடியிலிருந்து அந்த ஒழுங்கைக்கு வருகிறவர் அவர் ஒருவர்தான். ஓவசியர் அவரையும் ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கியிருந்தார். தொட்டி அவர் செய்தது, டியூப் அவர் கொண்டுவந்தது.

மூர்த்தி சுற்றி வளைக்காமல் கேட்டார். கண்ணாடி ஒட்டின பசையில் நஞ்சு கிடக்குமா?

ஆதம்பாவாவுக்குக் கோபம் வரவில்லை. சைக்கிளைச் சாத்திவிட்டுத் தகரத் தொட்டியை எட்டிப் பார்த்தார். "ஓவசியர், இந்தத் தாய் குஞ்சு பொரிக்கு முந்தி எத்தின நாள் கண்ணாடிக்குள்ள கிடந்திச்சு?"

"பதினெட்டு நாள்," என்றார் ஓவசியர்.

"பசையில நஞ்சிருந்தா பதினெட்டு நாளும் மவுத்தாகாம கிடக்குமா? பாருங்க, தேங்காப்பூக்கு என்னோட சண்டைக்கு வருது."

டியூப் காற்றையும் மூர்த்தி விடவில்லை. குழாயை வாயில் வைத்து ஒரு மிடறு காற்றை உறிஞ்சிச் சுவைத்தார். றப்பர். பழைய றப்பர். லொறி ஓட்டைமாவடிப் பக்கம் ஓடியது என்றுகூடச் சொன்னார். ஆதம்பாவா அதை மறுக்கவில்லை. ஆனால் அதே காற்றைத்தான் தாயும் மூச்சு விட்டது.

வியாழன், மாலை 4.40. வாவிக் கரை.

தாய் இறால்களைக் கொண்டுவந்து கொடுப்பவர் யோகராசா. மண்டூரில் பிறந்து அமிர்தகழியில் பெண் கட்டியவர். கவிழ்த்து வைத்த தோணியில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். மூர்த்தி பக்கத்தில் போய் இருந்தார்.

"சினை இறால எவடத்தப் புடிக்கிறாய் மனே?"

"கீழ. முகத்துவாரப் பக்கம்."

"மண்டூர்ப் பக்கம் மேல கிடக்காதா?"

"கிடக்கும். பெரிய பெரிய ஆணெல்லாம் மேலதான். பொட்டையும் கிடக்கும். ஆனா வகுத்தில சினை பட்டிச்செண்டா கீழ இறங்கிரும். மேல வலை போட்டு நான் சினையோட ஒண்டும் கண்டதில்ல."

"ஏன் இறங்குது?"

"இறாலிட்ட நான் கேக்கல்ல."

மூர்த்தி தலையாட்டிவிட்டு நடந்தார். இறால்களுக்கும் தாய்வீடு உண்டாக்கும், பிள்ளைப்பேற்றுக்குப் போகுதுகளாக்கும் என்று நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார். கையில் கிடைத்த திறப்பை மடியில் போட்டுக்கொண்டு பூட்டைத் தேடிப் போனார் அந்த மனிதர்.

வெள்ளி, காலை 7.15.

டிரக்டருக்கு இரண்டே முக்கால் மணித்தியாலம் இருந்தது. மூர்த்தி முன்கிணற்றுக் கட்டில் இருந்தார். செம்பில் தண்ணீர் இருந்தது, குடிக்க மனமில்லை. இரத்தினம்மாவின் மூட்டை விறாந்தைத் தூணோடு சாய்ந்து நின்றது. பின்னறையில் அவள் கடைசியாகக் கூட்டுகிற சத்தம் கேட்டது.

ஓவசியர் வெளியே வந்தார். வேட்டி பளிச்சென்று இருந்தது. நீலம் போட்ட வெள்ளை. காகம் பார்த்தால் கண் கூசும்.

"ஆர் தோய்ச்ச?" என்றார் மூர்த்தி.

"வேற ஆர்? அவதான்."

"எவடத்த?"

இதென்ன கேள்வி என்று ஓவசியர் பார்த்தார். பின்கிணற்றடியில் கல்லிருக்கிறது, சீமெந்துத் தொட்டியிருக்கிறது, இருபது வருடமாக அங்கேதானே என்றார்.

மூர்த்தி யோசித்தார். தினம் காலையில் இந்த வீட்டுக்கு வருகிறார். துவைக்கிற கல்லில் உடுப்பு அடிபடுகிற சத்தம் ஊரில் எந்த வீட்டிலும் காலைச் சத்தம். இந்த வீட்டில் அதைக் கேட்டு எத்தனை நாள்? மூன்று கிழமைக்கு மேல் இருக்கும். நேற்றுக்கூட நாலாம் வளவுக் கிணற்றடியிலிருந்து ஈரத் துணி மூட்டையோடு இரத்தினம்மா வந்ததைக் கண்டார். உவர் என்றாலும் வீட்டிலேயே கிணறும் தொட்டியும் இருக்க, ஒரு பெண் துணியைச் சுமந்துகொண்டு அடுத்த வளவுக்கு ஏன் போகிறாள்?

அவர் எழும்பினார். குசினியைத் தாண்டினார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

துவைக்கிற கல் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. அதன்மேல் ஓணான் ஒன்று வெயில் காய்ந்தது. ஆள் கண்டும் எழும்பவில்லை, அவ்வளவு நாள் பழக்கம். பக்கத்தில் சீமெந்துத் தொட்டி. அதன்மேல் தென்னோலைக் கிடுகு. அருகில் ஒரு பெரிய மண்பானை. அதன் வாயிலும் கிடுகு.

மூர்த்தி பானையைத் திறந்தார். குனிந்து பார்த்தார். தொட்டியைத் திறந்தார். அதற்கும் குனிந்தார். பிறகு தொட்டித் தண்ணீரில் விரலை விட்டு, ஒரு கணம் தயங்கி, நாக்கில் வைத்தார்.

உவர். பாதிக் கடல். அவருடைய பின்கிணறு.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஓணான் ஓடியது.

வெள்ளி, காலை 9.10. முன்னறை.

யோகராசாவையும் கூப்பிட்டு அனுப்பி, மூன்று பேரும் கண்ணாடித் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். ஓவசியர் கொப்பியைத் திறந்து வைத்திருந்தார். இரத்தினம்மா கதவோரம்.

"கொலைகாரன் இந்த வளவுக்குள்ளதான் நிக்கிறான்," என்றார் மூர்த்தி. "ஓட மாட்டான். பதினாறடி ஆழம்."

ஓவசியர் எழுதப் போன கையை நிறுத்தினார்.

"என்ட முன்கிணறுதான் ஓவசியர். வெட்டினவன் நான். என்னையும் சேத்து எழுதுங்க."

பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நாலு தடவையும் ஐந்தாம் நாள். சுற்றிவளைப்பு அன்றும் ஐந்தாம் நாள், மருந்து அடித்த கிழமையும் ஐந்தாம் நாள். மனிதர் செய்கிற கொலை என்றால் ஒரு நாள் முந்தும், ஒரு நாள் பிந்தும். இது நாள் தவறவில்லை. அப்படியென்றால் கொல்லுகிற சாமான் முதலிலிருந்தே தண்ணீருக்குள் இருந்திருக்க வேண்டும். அல்லது இருக்க வேண்டிய சாமான் முதலிலிருந்தே இல்லாமல் இருந்திருக்க வேண்டும். தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. தாய் ஆற்றில் வாழ்கிற சீவன், நல்ல தண்ணீர் அதற்குப் போதும். ஆனால் சினை பட்டதும் அது ஏன் மெனக்கெட்டு முகத்துவாரத்துக்கு இறங்குகிறது? நேற்று யோகராசா வாயைத் திறந்து விடையைக் கொடுத்தான். தான் அதைச் சிரித்துத் தொலைத்ததாகச் சொன்னார் மூர்த்தி.

"குஞ்சுக்கு உப்பு வேணும். அதுக்குத்தான் தாய் கீழ இறங்குது. கடலும் ஆறும் கலக்கிற இடத்தில பொரிக்குது. குஞ்சு வளந்து கால் ஊண்டினாப் பிறகுதான் மேல ஏறும். நாம என்ன செஞ்ச? விருந்தாளிக்கு முன்கிணறு, மாட்டுக்குப் பின்கிணறு எண்டு பழகின ஆக்கள். பச்சப் பிள்ளையள் வந்திருக்குதுகள் எண்டு ஊரிலயே நல்ல தண்ணியாப் பாத்துக் குடுத்த. நாலு நாள் தாக்குப் புடிச்சுதுகள். அஞ்சாம் நாள் ஏலல்ல."

ஓவசியர் கொப்பியை மூடினார். பிறகு, இது யூகம், அளந்து காட்டாத யூகம் என்றார். குரலில் பழைய பலம் இல்லை.

"அளந்து வைச்சிருக்கிறா," என்றார் மூர்த்தி. "வாங்க பின்னுக்கு."

மண்பானையைத் திறந்து காட்டினார். உருப்பெருக்கிக் கண்ணாடியோடு ஓவசியர் குனிந்தார். உள்ளே சாம்பல் தூள் போல ஒரு கூட்டம், தலைகீழாக, வாலை முன்னுக்கு விட்டு, மும்முரமாக நீந்திக்கொண்டிருந்தது. அந்தப் பானைக் குஞ்சுகள் கண்ணாடித் தொட்டிக் குஞ்சுகளின் கூடப்பிறந்தவை. ஒரே தாய், ஒரே இரவில் பொரித்தவை. இரண்டாம் நாள் எடுத்த பழைய தண்ணீரோடு வாழைக்குப் போக வேண்டியவை. உள்ளே இருந்தவை புதன்கிழமை செத்தன. வெளியே இருந்தவைக்கு இன்று ஏழாம் நாள்.

"இது நாலாந் தரத்துக் குஞ்சு," என்றார் மூர்த்தி. "மூண்டாந் தரத்தை இஞ்சால பாருங்க."

சீமெந்துத் தொட்டியின் கிடுகை எடுத்தார்.

ஓவசியர் பார்த்தார். உருப்பெருக்கிக் கண்ணாடி தேவைப்படவில்லை. தொட்டிச் சுவரில், நகத்துண்டு அளவில், கண்ணாடி போல ஊடுருவித் தெரிகிற இறால்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. மீசை இருந்தது. கால் இருந்தது. தலைகீழ் நீச்சலை மறந்து, முறையான இறால்கள் நடக்கிற மாதிரி நடந்தன. ஒன்று இன்னொன்றைத் தள்ளிவிட்டு மஞ்சட்கருத் துணுக்கு ஒன்றைப் பறித்தது.

ஓவசியரின் கை தானாக அடிமட்டத்தைத் தேடியது. அது முன்னறையில் இருந்தது. விரலால் எண்ணத் தொடங்கினார். இருநூற்றுப் பத்தில் ஒருமுறை பிழைத்து, திரும்பத் தொடக்கத்துக்கு வந்தார்.

"ஏன்கா சொல்லாம வைச்சிருந்தாய்?" என்றார் யோகராசா இரத்தினம்மாவிடம்.

அவள் ஓவசியரைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "சொன்னா ஊத்தச் சொல்லுவீங்க. முதல் ரெண்டு தரமும் ஊத்தினன்தானே. மூணாந்தரம் வாளிய வெளிச்சத்தில பாத்திட்டன். கண்ணெல்லாம் தெரியுது." பானைக் கிடுகை எடுத்து மூடினாள். "வெல்லாவெளியில இருந்து ஓடி வரக்குள்ள கோழிக்கூட்டைத் திறந்து விட மறந்து போனன் ஐயா. பதினொரு கோழி. உயிரோட கிடக்கிறதத் திருப்பியும் விட்டிட்டு வர எனக்கு ஏலாது."

உப்பைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. முன்கிணற்றுத் தண்ணீரை விருந்தாளிக் குடங்களுக்கு விட்டுவிட்டு, கையெட்டின கிணற்றில் அள்ளித் தொட்டியையும் பானையையும் நிரப்பியிருந்தாள். அவ்வளவுதான். செத்தாலும் களவு, பிழைத்தாலும் களவு என்று நினைத்துத் தினம் விடிய விளக்கோடு வந்து கிடுகைத் தூக்கிப் பார்த்தாள். தினமும் அவை இருந்தன.

வெள்ளி, காலை 10.00. டிரக்டர் நேரத்துக்கு வந்தது. யுத்தகாலத்தில் நேரத்துக்கு வருகிற வாகனம் எப்போதும் வேண்டாத வாகனமாகத்தான் இருக்கும்.

பெட்டியில் அரிசி மூட்டைகளுக்கிடையில் இரண்டு கிழவிகளும் ஒரு தையல் மெசினும் இருந்தன. சாரதி இறங்காமலே, ஒருவர் ஏறுவதாகச் சொன்னார்களே என்று கேட்டார். விறாந்தைத் தூணோடு மூட்டை நின்றது. இரத்தினம்மா அதன் பக்கத்தில் போய் நின்றாள். தூக்கவுமில்லை, விடவுமில்லை.

ஓவசியர் வாசல் படலையில் நின்றார். முப்பத்தொரு வருடத்தில் அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதற்கு எழுத்துமூல ஆதாரமில்லை. தொண்டையைச் செருமினார். வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஹெலிகொப்டர் ஒன்று தன்பாட்டில் போயிற்று.

"அவ வரமாட்டா. அவவுக்கு இஞ்ச வேலை கிடக்கு," என்றார் சாரதியிடம்.

"என்ன வேலை?" என்று கேட்டது சாரதியல்ல, இரத்தினம்மா.

ஓவசியர் திரும்பினார். யோகராசா தரையைப் பார்த்தார். மூர்த்திக்குத் திடீரென்று மாமரத்தில் பார்க்க நிறைய இருந்தது.

"எனக்குத் தெரியாத வேலை," என்றார் ஓவசியர்.

டிரக்டர் புகையை விட்டுக்கொண்டு புறப்பட்டது. இரத்தினம்மா மூட்டையை எடுத்தாள். பின்னறைக்குப் போகவில்லை, முன்னறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அதைக் கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். சீலைத் தலைப்பை இடுப்பில் சொருகினாள். இந்தத் தண்ணீரைப் பாதிக்கு இறைத்துவிட்டு மீதிக்குப் பின்கிணற்றுத் தண்ணீர் விட வேண்டும், நாளைக்கே யோகராசா அடுத்த தாயைக் கொண்டுவரட்டும், உடுப்புத் தோய்க்க வேறு தொட்டி பார்க்க வேண்டும் என்றாள்.

"முதல்ல பின்கிணத்தில ஒம்பது வாளி அள்ளி வாங்க," என்றாள். "ரெண்டு பேரும்."

ஓவசியரும் மூர்த்தியும் ஆளுக்கொரு வாளி எடுத்துக்கொண்டு குசினியைத் தாண்டினார்கள். ஒன்பதை இரண்டாகப் பிரித்தால் மீதி ஒன்று யாருக்கு என்று போகிற வழியில் ஒரு சிறு தகராறு நடந்தது. வெட்டினவன் அள்ள வேண்டும் என்றார் ஓவசியர். வளவுக்காரன் அள்ள வேண்டும் என்றார் மூர்த்தி. முன்னறையிலிருந்து இரத்தினம்மாவின் குரல் வந்தது: பத்தாக அள்ளி வரட்டாம்.